சனி ஞாயிறு மட்டும் வருகிறவர்

அரிசோனாவில் சாண்ட்லர் என்கிற வெயில் ஊரில் ஒன்பது வருடம் குடியிருந்த திருமேனி, பிப்ரவரி மாதம் இரண்டாவது சனிக்கிழமை, வடக்கே மூன்று மணி நேரக் கார்ப்பயணத் தூரத்தில் இருக்கும் மலையில், சரிந்து வந்த பனியோடு போய்ச் சேர்ந்தார். அதற்கு மூன்று வாரம் கழித்து, அதுவும் சனிக்கிழமைதான், காலை எட்டேகால் மணிக்கு, சிவப்புப் பாறைகள் இருபுறமும் எழுந்து நிற்கும் ஒரு பள்ளத்தாக்கின் வாசலில் தோள் நிறையப் பனியோடு நின்றுகொண்டு, கூட்டாளிகள் இருவரும் முக்கால் மணி நேரம் பிந்தி வந்ததற்காக அவர்களைத் திட்டினார்.

"ஏழரைன்னா ஏழரை. வெயில் ஏறுனப்புறம் வந்து என்னத்தப் பாக்கப் போறீங்க?"

கூட்டாளிகள் என்றால் ரஃபீக்கும் ஷெர்லியும். ரஃபீக் காயல்பட்டினத்துக்காரன், திருமேனி வேலை பார்த்த அதே அலுவலகத்தில் பக்கத்து மேஜை. ஷெர்லி நாகர்கோவில் பக்கம், ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருடமாக இந்த மூன்று பேரும் ஒரு சனி ஞாயிறைக்கூட வீட்டில் கழித்ததில்லை. குளிர்காலத்தில் பாலைவனப் பள்ளத்தாக்குகள், கோடையில் மலைகள், துணிச்சல் கூடிப்போனால் குளிர்காலத்திலும் மலை. வரைபடத்தில் இருக்கும் பெயர்கள் வாயில் ஒட்டாததால் எல்லாவற்றுக்கும் இவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். பனிமலைக்கு வெள்ளைச்சாமி என்று பெயர். ஆள் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய முடியும் என்கிற ஒடுக்கமான பாறைப் பிளவுக்குச் சந்து என்று பெயர். சிவப்புப் பாறைகளுக்கு நடுவில் போகும் இந்தப் பள்ளத்தாக்கு செம்பள்ளம். மூன்று வாரம் தேடியும் மீட்புக் குழுவுக்கு உடல் கிடைக்காமல் போனதால், திருமேனிக்குப் பிடித்த இந்த இடத்தில் ரஃபீக் ஒரு துஆ ஓதுவது, ஷெர்லி ஒரு மெழுகுவத்தி ஏற்றுவது என்று பேசிக்கொண்டுதான் அன்றைக்கு வந்திருந்தார்கள்.

வந்த இடத்தில் அவரே நின்றதால், ஷெர்லி மெழுகுவத்தியைப் பைக்குள் போட்டுவிட்டு ஃபிளாஸ்கைத் திறந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். கோப்பை அவர் கைக்குப் போனதும் ஆவி நின்றது. அவள் கவனித்தது அது ஒன்றைத்தான். பிறகு மூன்று பேரும் நடந்தார்கள், ஓடைக்குள் இறங்கி ஏறினார்கள், வழக்கமான பாறை நிழலில் சப்பாத்தி சாப்பிட்டார்கள், அலுவலகத்தில் யாருக்குப் பதவி உயர்வு என்று அவர் கேட்டார், ரஃபீக் சொன்னான். சாயங்காலம் கார் நிறுத்திய இடத்துக்குத் திரும்பியதும், மண்பாதை முடிந்து தார் தொடங்குகிற இடத்தில் திருமேனி நின்றுவிட்டார்.

"நீங்க கெளம்புங்க."

"அண்ணே, வீட்டுக்கு வாங்க. அண்ணி ஒரு வாய் சோறு திங்காம கெடக்காங்க" என்றான் ரஃபீக்.

அவர் ஒரு காலைத் தாரில் வைத்துப் பார்த்தார். வைத்த கால் பாதத்திலிருந்து கணுக்கால் வரை தண்ணீராக இளகித் தாரில் ஓடிப் பரவியது. அவசரமாகப் பின்னால் இழுத்துக்கொண்டார். மண்ணுக்கு வந்ததும் கால் மறுபடி காலானது.

"பாத்தல்ல? நான் நாளைக்கும் இங்கதான் இருப்பேன். அடுத்த சனிக்கிழமையும் இருப்பேன். அவகிட்டச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே பாறைகளுக்குள் நடந்து போனார்.

அவர் மனைவி மரகதவல்லியிடம் அதைப் போய்ச் சொல்வது அவர்களுக்கு மலை ஏறுவதைவிடச் சிரமமாக இருந்தது. பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் முன்மேஜையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கிக் கொடுக்கும் வேலை மரகதத்துக்கு. உயரம் என்றால் பயம். இரண்டாவது மாடிப் பால்கனியில் துணி காயப்போடும்போதுகூடக் கீழே பார்க்கமாட்டாள். ஆறு வருடமாகக் காரில் அவளுக்கென்று ஓர் இடம் காலியாக வைத்துக் கூப்பிட்டுப் பார்த்து, அவர்கள் அலுத்துப் போயிருந்தார்கள். கடைசி வெள்ளிக்கிழமை வீட்டில் பெரிய சண்டை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சிநேகிதிக்கு வளைகாப்பு, தனியாகப் போய் அங்கே நிற்கத் தன்னால் முடியாது, நீங்களும் வாங்க என்று அவள் கேட்டாள். பனி நன்றாகப் பெய்திருக்கிறது என்று அவர் சொன்னார். அவள் கையில் இருந்த கரண்டியை மேடையில் போட்டுவிட்டு, "மலைதான் பெருசுன்னா அங்கேயே இருந்துக்கோங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியம்தான் மூன்று வாரமாக அவள் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாக நின்றது.

ரஃபீக்கும் ஷெர்லியும் சொல்லி முடித்தபோது அவள் அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிஜமா என்று கேட்கவில்லை. எப்படி என்றும் கேட்கவில்லை.

"சாப்பிட்டாரா?"

"ரெண்டு சப்பாத்தி சாப்பிட்டாங்கக்கா" என்றாள் ஷெர்லி.

"உங்ககிட்டதான் முதல்ல வரணும்னு தோணியிருக்கு, பாரு" என்றாள் மரகதம். பிறகு அழுதாள். அழுது முடித்து, முகம் கழுவி, என்ன செருப்புப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டாள்.

அந்த ஒரு வாரமும் அவள் குடியிருப்பின் மாடிப்படிகளில், முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியை வைத்துக்கொண்டு ஏறி இறங்கினாள். சனிக்கிழமை செம்பள்ளத்தின் வாசலில் அவர் இல்லை; ஒரு மைல் உள்ளே இருப்பார் போலிருக்கிறது என்று ரஃபீக் சொன்னான். அந்த ஒரு மைலை நடக்க அவளுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஓடைக்கரைச் சரிவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்தாள், ஓர் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஷெர்லியின் பையைப் பிடித்தபடி போனாள், கடைசியில் ஒரு திருப்பத்தில், இனி முடியாது என்று உட்கார்ந்தபோது, திருப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"மரகதம், இன்னும் இருபது அடிதான். வலதுபக்கப் பாறையைப் பிடிச்சுட்டு வா."

அவள் பிடித்துக்கொண்டு போனாள். புருவத்தில் பனி, சட்டைக் காலரில் பனி, அதற்கு நடுவில் அதே முகம். கையைத் தொட்டாள். ஃப்ரீஸருக்குள் இருந்து எடுத்த பாத்திரம் மாதிரி இருந்தது. விடவில்லை. விரல் மரத்துப் போகிறவரை விடவில்லை, பிறகு கை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். ரஃபீக்கும் ஷெர்லியும் ஏதோ பறவையைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்து போனார்கள்.

"நான் சொன்னதாலயா இங்க இருந்துட்டீங்க?" என்று கேட்டாள்.

"எதை?"

"அங்கேயே இருந்துக்கோங்கன்னு சொன்னேன்ல."

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத ஆள், செத்த பிறகும் அது வரவில்லை. "காதுல விழுந்துச்சு. கார் ஓட்டும்போது கோவம் இருந்துச்சு. மலையில ஏறுனதும் மறந்துட்டேன். பனி வந்து அமுக்குனப்போ உன்னைத்தான் நெனச்சேன், ஆனா அந்தப் பேச்சை நெனக்கல. நீ சாவியை எங்க வச்சேன்னு தேடிட்டு நிப்பியே, அது ஞாபகம் வந்துச்சு."

இப்படித்தான் அது ஆரம்பித்தது. இதற்குமேல் இதை ஒரு அதிசயம் என்று யாரும் நெடுநாள் பேசிக்கொண்டிருக்கவில்லை, ஏனென்றால் சாண்ட்லரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதைவிட உடனடியான கேள்விகள் இருந்தன. முதல் கேள்வி பொட்டு. பதினாறாம் நாள் காரியம் முடிந்து மரகதம் பொட்டை எடுத்துவிட்டாள். இப்போது ஆள் வருகிறார், ஆனால் சனி ஞாயிறு மட்டும் வருகிறார். கோவிலில் வெள்ளிக்கிழமைப் பூஜை முடிந்து, பொங்கல் தட்டுகளோடு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து இதைப் பேசினார்கள். திருமணமாகி வந்து மூன்று மாதமான ஒரு பெண், அக்காவுக்கு எது விருப்பமோ அது என்றாள், அவளை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அர்ச்சகர், சனிக்கிழமை சூரிய உதயம் முதல் ஞாயிற்றுக்கிழமை அஸ்தமனம் வரை வைத்துக்கொள்ளட்டும், மற்ற நாட்களில் அவரவர் மனசு என்று சொல்ல, எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. மரகதம் ஏழு நாளும் வைத்துக்கொண்டாள், அதையும் யாரும் கேட்கவில்லை.

அரசாங்க அலுவலகத்தில் இருந்து ஓர் அதிகாரி, தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாக, செம்பள்ளத்துக்குள் நடந்து வந்தார். அவருடைய படிவத்தில் உயிரோடு இருக்கிறார், இல்லை என்று இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. திருமேனியை ஆங்கிலத்தில் நலம் விசாரித்தார், கையெழுத்து வாங்கினார், கையெழுத்து ஈரமாகிக் காகிதம் ஓட்டையானது. அதிகாரி இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு ஓரத்தில் 'வார இறுதிகளில்' என்று எழுதி, மேலிடத்துக்கு அனுப்புவதாகச் சொல்லிப் போனார். அலுவலகத்து மேலாளர் ரஃபீக்கைக் கூப்பிட்டு, அவர் பாதியில் விட்ட வேலையைப் பற்றிச் சனிக்கிழமைகளில் சில சந்தேகங்கள் கேட்க முடியுமா என்றார். முடியும் என்றான் ரஃபீக், ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போய்க் கேட்டும் வந்தான்.

ஊரில், நாசரேத்தில் இருக்கும் திருமேனியின் அம்மாவுக்குப் பள்ளத்தாக்கில் இருந்து பேச சிக்னல் இல்லை. ஷெர்லி படம் எடுத்து அனுப்பிப் பார்த்தாள். படத்தில் பாறையும், பாறைமேல் கொஞ்சம் வெள்ளையும் மட்டுமே விழுந்தது. அதை அந்த அம்மாள் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எம்புள்ள மெலிஞ்சுட்டான்" என்று சொன்னார்கள். அதிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மரகதத்தை ஃபோனில் அழைத்து என்ன சமைத்துக் கொண்டு போகிறாள் என்று கேட்டுக்கொள்வார்கள்.

ஏப்ரலில் தமிழ் மன்றம் வருடாந்திரச் சிற்றுலாவைச் செம்பள்ளத்திலேயே வைத்தது. எழுபது பேர், மூன்று பெரிய அண்டாவில் உள்ளே வரை சுமந்து போன பிரியாணி, மடக்கு நாற்காலிகள், ஒலிபெருக்கிக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் திருமேனி சங்கோஜமாக நின்றார். ஒருவர் தன்னுடைய அப்பாவைப் போன வருடம் பறிகொடுத்தவர், அங்கே அவரைப் பார்த்தீர்களா என்று மெல்லக் கேட்டார். "இல்லிங்க, நான் இந்தப் பக்கம்தான் சுத்திட்டு இருக்கேன்" என்று திருமேனி சொன்னதும், அவர் தலையாட்டிவிட்டுப் போய் வெகுநேரம் தனியாக உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் சீக்கிரம் பழகிவிட்டார்கள், வெயிலுக்கு அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். பெற்றோர்கள் முதலில் பதறினார்கள், பிறகு அவர்களே பிள்ளைகளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள்.

இரண்டு மூன்று வாரம் அப்படியே கூட்டம் வந்தது. பிறகு பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு வந்தது, யாருக்கோ வீடு பால்காய்ச்சு வந்தது, யாருக்கோ ஊரில் இருந்து மாமனார் மாமியார் வந்தார்கள். மே மாதம் பிறந்தபோது, சனிக்கிழமை செம்பள்ளத்துக்குப் போகிறவர்கள் மறுபடி மூன்றே பேர் ஆனார்கள், ஆனால் காரில் காலியாக இருந்தது இப்போது திருமேனியின் இடம். மரகதத்தைக் கடையில் பார்ப்பவர்கள், "சார் எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுத் தக்காளி பொறுக்கப் போனார்கள்.

மரகதத்துக்கு அது பரவாயில்லை. கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவர்கள் இப்படிப் பேசிக்கொண்டதில்லை. வீட்டில் இருந்தவரை, ஏ.சி. ஃபில்டர் மாற்றணும், கேஸ் பில் வந்ததா, சாவி எங்கே என்பதைத் தாண்டி அவர்களுக்குள் பேச்சு வளர்ந்ததே கிடையாது. இப்போது நடக்க நடக்க, மூச்சு வாங்க வாங்க, ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தது. ஒருநாள் சந்துக்குள் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டிருக்கும்போது, முன்னால் போனவர் திரும்பாமலேயே சொன்னார்.

"மூணாவது தடவையும் கலைஞ்சுதுல்ல. அதுக்கப்புறம் வீட்டுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுச்சு. உன்னைப் பாத்தா அழுகை வரும். நான் அழுதா நீ உடைஞ்சு போயிருவேன்னு நெனச்சேன். அதான் சனிக்கிழமையானா ஓடிருவேன்."

பாறையின் குளிர்ச்சியில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் நின்றாள். "நான் உடைஞ்சுதான் கெடந்தேன். பாக்கத்தான் ஆளில்ல."

"தெரியும்."

"தெரிஞ்சுமா போனீங்க?"

"தெரிஞ்சுதான் போனேன்."

அந்த ஒடுக்கத்தில் அவரைத் திருப்பி அடிக்கக்கூட இடம் இல்லை. அவள் அவருடைய முதுகில் நெற்றியால் முட்டினாள், இரண்டு தடவை, மூன்று தடவை. குளிரில் நெற்றி சிவந்தது. அவர் அழுதார். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்து, சின்னச் சின்ன மணிகளாக உதிர்ந்து மணலில் விழுந்தது. பிறக்காமல் போன மூன்று பேருக்கும் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஒரு கணக்கு மாறிக்கொண்டே இருந்தது, அதை முதலில் கண்டுபிடித்தது மரகதம். முதல் வாரம் அவர் பள்ளத்தாக்கின் வாசலில் நின்றார். அடுத்த வாரம் ஒரு மைல் உள்ளே. அதற்கடுத்து இரண்டு. வெயில் ஏற ஏற அவர் பின்வாங்கிக்கொண்டே போனார். மே நடுவில் செம்பள்ளத்தில் அவர் இல்லவே இல்லை. வடக்கே வெள்ளைச்சாமியின் அடிவாரக் காட்டில் நின்றார். பிறகு காட்டின் மேல்பகுதியில். பிறகு காடு முடிந்து வெறும் கல் தொடங்குகிற உயரத்தில். பனி எங்கே மிஞ்சியிருக்கிறதோ அங்கே அவர் இருந்தார், பனியோ வாரம் நூறு அடி மேலே ஏறியது. அவர் விலக விலக அவள் கால்கள் பலமாயின. ஒரு மைலுக்கு இரண்டு மணி நேரம் எடுத்தவள், ஜூனில் ஆறு மைல் ஏறி, அவரோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்கினாள். இரண்டு பக்கமும் பாதாளமாக இருக்கும் மலைமுகட்டில், கீழே நன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். கீழே பயப்பட அவளுக்கு எதுவும் மிச்சமில்லை.

அவரிடம் இருந்தும் ஏதோ கரைந்துகொண்டிருந்தது. முதலில் அலுவலகத்துப் பெயர்கள் போயின. பிறகு தெருக்கள். அம்மா செய்து கொடுக்கச் சொன்ன அதிரசத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்னது?" என்று கேட்டார். அவள் சொன்னாள். அம்மாவிடம், விரும்பிச் சாப்பிட்டார் என்று சொன்னாள்.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை, முட்டி பிசகிய ரஃபீக் மரங்கள் முடிகிற இடத்திலேயே உட்கார்ந்துகொண்டான். அவனைத் தனியே விடக்கூடாது என்று ஷெர்லியும் நின்றாள். சிக்னல் இல்லாத இடத்தில் இருந்து செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் சின்னக் கருவி ஒன்று அவர்களிடம் இருந்தது, ஷெர்லி அதை மரகதத்தின் பைப்பட்டையில் மாட்டிவிட்டாள். "மேகம் கூடுனா உடனே எறங்கிருங்கக்கா" என்றாள். மரகதம் தனியே ஏறினாள்.

மலையின் வடக்கு முகத்தில், வெயில் கடைசியாக எட்டும் ஒரு குழிவில், ஒரு கல்யாண மண்டபத்துக் கூடத்தின் அளவு பனிதான் மிச்சம் இருந்தது. ஓரங்கள் அழுக்காகி, அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பக்கத்துப் பாறையில் திருமேனி உட்கார்ந்திருந்தார். அவள் அருகே வருகிறவரை அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரகதம்" என்றார், ஒரு பாரத்தை இறக்கி வைக்கிறவர் மாதிரி.

"ஆமா. வேற யாரு?"

"அங்க பாரு."

பனியின் ஓரத்தில் நீலக் கலரில் ஒரு சட்டைக் கை தெரிந்தது. அவளே வாங்கிக் கொடுத்த குளிர்ச்சட்டை. அதன் முனையில் ஒரு கை, பக்கத்தில் கொஞ்சம் தலைமுடி. அவள் நின்ற இடத்தில் நின்றாள். பாறைமேல் ஒருவர், பனிக்குள் ஒருவர். அவள் போய் இருவருக்கும் நடுவில், கல்மேல் உட்கார்ந்தாள்.

"அந்த மிஷின்ல கூப்பிடு" என்றார் அவர்.

"கூப்பிட்டா எடுத்துட்டுப் போயிருவாங்க."

"எடுத்துட்டுப் போகட்டும்."

"அப்புறம் நீங்க வரமாட்டீங்க."

அவர் பனியோரத்து நீலச் சட்டைக் கையைப் பார்த்தார். அவள் வேகமாகப் பேச ஆரம்பித்தாள். யாருக்கும் தெரியாது, நானே மண்ணும் கல்லும் போட்டு மூடிடுறேன், நவம்பர்ல பனி வந்துரும், நாலே மாசம், நான் இருந்துக்குவேன், நவம்பர்ல நீங்க மறுபடி செம்பள்ளத்து வாசலுக்கே வந்துருவீங்க, நான் வருஷா வருஷம் இப்படியே ஏறிக்குவேன், எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு, பாருங்க.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "வருவேன்" என்றார். "நவம்பர்ல வருவேன். ஆனா என்னத்தோட வருவேன்னு தெரியல. இன்னைக்குக் காலைல ஒரு பொம்பளை ஏறி வர்றதப் பாத்தேன். யாரோ எனக்கு வேண்டியவங்கன்னு தெரியுது. பேரு வரல. நீ அந்த முகட்டுல திரும்புனதுல இருந்து இங்க வர்ற வரைக்கும் தேடிட்டே இருந்தேன். கடைசில கெடச்சிருச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடுத்த தடவ கெடைக்கலன்னா, நீ இவ்வளவு தூரம் ஏறி வந்து யாரோ ஒருத்தன் முன்னாடி நிப்ப. அதை என்னால பாக்க முடியாது மரகதம். தெரிஞ்ச ஆளாவே போயிடுறேன்."

மேகம் தெற்கே கொஞ்சம் கொஞ்சமாகத் திரண்டது. அவள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள், விரல் மரத்ததும் கை மாற்றினாள், மறுபடி மாற்றினாள். அவருக்கு ஞாபகம் இருக்கிறதை எல்லாம் கேட்டாள், அவர் சொன்னார். பெண்பார்க்க வந்த அன்று அவள் காப்பியில் சர்க்கரை போடாமல் கொடுத்தது ஞாபகம் இருந்தது. ஊர் ஞாபகம் இல்லை. அம்மாவின் குரல் இருந்தது, முகம் இல்லை. குழந்தைகளுக்கு வைக்க நினைத்த பெயர்கள் மூன்றும் இருந்தன. அவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார், அவளும் கூடச் சொன்னாள். பிறகு அவள் மற்றொரு கையால் பைப்பட்டையைத் தடவி, கருவியின் மூடியைத் திறந்து, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

ஹெலிகாப்டர் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை அவள் எதுவும் பேசவில்லை, பேசினால் நேரம் சீக்கிரம் போய்விடும் என்று இருந்தது. சத்தம் கேட்டதும் அவர், "கண்ணுல மண்ணு விழும், திரும்பிக்கோ" என்றார். அவள் திரும்பிக்கொண்டாள். ஆரஞ்சுச் சட்டைக்காரர்கள் நான்கு பேர் இறங்கினார்கள், மரியாதையாகப் பேசினார்கள், பனியைச் சின்ன மண்வெட்டியால் பூப்போலப் பறித்தார்கள். இவர்தானா என்று கேட்டார்கள். அவள் குனிந்து பார்த்தாள். நான்கு மாதமாகியும் ஒன்றும் ஆகியிருக்கவில்லை, தூங்கும்போது வாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்துக்கொள்வாரே, அதே மாதிரி இருந்தது. ஆமாம் என்றாள். கீழே அழைத்துப் போக அவளுக்கும் இடம் இருப்பதாகச் சொன்னார்கள். என் ஆட்கள் கீழே காத்திருக்கிறார்கள், நான் நடந்தே வந்துவிடுகிறேன் என்றாள்.

அவர்கள் தூக்கிக்கொண்டு போனபிறகுதான் பாறையைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. ஆள் உட்கார்ந்திருந்த அளவுக்குக் கல் நனைந்திருந்தது. வெயிலில் அது ஓரத்தில் இருந்து நடுவுக்குக் காய்ந்துகொண்டே வந்தது. ஒரு தட்டு அளவானது, உள்ளங்கை அளவானது, ஒரு பொட்டு அளவுக்கு வந்து, பிறகு மற்றக் கல் மாதிரியே ஆனது. அவள் அதுவரை நின்று பார்த்தாள். பிறகு பையைத் திறந்து, இரண்டு பேருக்கென்று கட்டிக்கொண்டு வந்திருந்த புளிச்சாதத்தை, நீண்ட தூரம் இறங்க வேண்டும் என்பதால், ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

இறங்குகிற வழியில், மரங்கள் தொடங்குவதற்குச் சற்று மேலே, வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று எதிரே வந்தது. வயதானவர்கள். ஆளுக்கொரு ஊன்றுகோல். அந்த அம்மாள் வெயிலில் சிவந்து போயிருந்தாள். எங்கோ கிழக்கே சமவெளியில் இருந்து வருகிறார்களாம், ஜூன் மாதத்தில் பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசையாம்.

"மேலே இன்னும் பனி இருக்கிறதா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

மரகதம் மூச்சு வாங்கியபடி அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருக்கிறது" என்றாள். "சீக்கிரம் போங்கள்."

அவர்கள் நன்றி சொல்லிவிட்டு, ஒருவர் முழங்கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஏறிப் போனார்கள். அந்த முகட்டில் அவர்கள் திரும்புகிறவரை மரகதம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.